லம்போர்கினி மியூரா: பி400, எஸ், எஸ்வி விலை வித்தியாசம் எதனால்?

பெட்ரோல்வாசம் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். லம்போர்கினியின் பழைய ஸ்போர்ட்ஸ் காரான மியூராவின் ஏலப் பட்டியல்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். பி400, பிறகு எஸ், கடைசியாக எஸ்வி என்று அதில் மூன்று ரகம். ஒரே வடிவம், ஒரே 12 சிலிண்டர் எஞ்சின். ஆனால் நல்ல பி400 ஒன்று 10 லட்சம் டாலரைச் சுற்றி நிற்க, எஸ்வி அதைப்போல இரண்டு மடங்கையும் தாண்டிப் போகிறது. 350 குதிரைத்திறன் 385 ஆனதற்காக மட்டும் யாரும் அவ்வளவு கொடுக்க மாட்டார்கள். எஸ்வி விவரங்களில் 'ஸ்பிளிட் சம்ப்' என்று தனியாக எழுதுகிறார்களே, அது ஏன்? மியூரா தீப்பிடிக்கும் என்ற பேச்சில் எவ்வளவு உண்மை? பி400-ஐ எஸ்வி மாதிரி மாற்றி வைத்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? விவரம் தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதுங்கள்.

நான்குகேம் பதில்:

எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் பாத்திரமான சம்ப்பிலிருந்து ஆரம்பித்தால்தான் மற்றதெல்லாம் புரியும். 1965-இல் இத்தாலியின் சாந்தாகாத்தா போலோனியேசேயில் உள்ள லம்போர்கினி தொழிற்சாலையில் ஜான் பாவ்லோ தல்லாரா, பாவ்லோ ஸ்டான்சானி என்ற இளம் பொறியாளர்களும், நியூசிலாந்துக்காரரான சோதனை ஓட்டுநர் பாப் வாலஸும் சேர்ந்து இந்தக் காரை யோசித்தார்கள். ஜொத்தோ பிட்சாரினி வடிவமைத்த வி12 எஞ்சின் அதற்குள் 3,929 சிசி-க்கு வளர்ந்திருந்தது. அதை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் நீளவாக்கில் வைத்து, கியர்பாக்ஸையும் அதன் பின்னால் மாட்டினால் கார் நீண்டுகொண்டே போகும். குறுக்காக வைத்தால் கியர்பாக்ஸுக்கு இடமில்லை. பிரிட்டிஷ் மினி காரில் இருந்த தீர்வையே இங்கேயும் எடுத்தார்கள்: எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் (இரண்டு பின் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் பகுதி) மூன்றும் ஒரே அலுமினிய வார்ப்பு, மூன்றுக்கும் ஒரே ஆயில்.

காரின் அழகு முழுக்க இந்த முடிவிலிருந்து வந்தது. வெறும் சேசிஸை 1965 நவம்பரில் டூரின் கண்காட்சியில் வைத்தார்கள். பாடி வேலை இத்தாலிய கார் வடிவமைப்பு நிறுவனமான பெர்டோனேவுக்குப் போனது. அங்கே அதை வரைந்தவர் மார்செல்லோ காந்தினி, அப்போது அவருக்கு வயது 27. 1966 மார்ச்சில் ஜெனீவாவில் முழுக் கார் வந்தது. தரையிலிருந்து கூரை வரை சுமார் 105 செ.மீ. தான். எஞ்சின் குறுக்கே படுத்ததால்தான் அந்த நீளத்துக்குள் எல்லாம் அடங்கியது.

காரின் பலவீனமும் அதே முடிவிலிருந்து வந்ததுதான். கியர் பற்களும் சின்க்ரோ வளையங்களும் தேயும்போது விழும் உலோகத் துகள், கிராங்க் பேரிங்குகளைக் குளிப்பாட்டும் அதே ஆயிலில் கலக்கிறது. எஞ்சினுக்கு ஏற்ற ஆயில் கியருக்குப் போதாது, கியருக்கு ஏற்றது எஞ்சினுக்கு ஆகாது. லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் ரகம்) கேட்கும் ஆயிலை இந்த எஞ்சினில் ஊற்றவே முடியாது. எஸ்வி தயாரிப்பின் பிற்பகுதியில்தான் வார்ப்புக்குள் தடுப்பு வைத்து இரண்டு ஆயிலையும் பிரித்தார்கள். ஸ்பிளிட் சம்ப் என்பது இதுதான். எல்லா எஸ்வியிலும் இது கிடையாது.

எஸ்வியின் மற்ற மாற்றங்களும் சாதாரணமானவை அல்ல. பின் சஸ்பென்ஷனின் கீழ்க் கைகள் புதியவை. பின் சக்கர இடைவெளி சுமார் 13 செ.மீ. கூடியது, அதற்காகவே பின் ஃபெண்டர்கள் புடைத்தன. பி400, எஸ் இரண்டிலும் நான்கு டயரும் ஒரே அளவு. எஸ்வியில் பின்னால் அகலமான டயர். முந்தைய கார்களில் வேகம் கூடக் கூட முன்பக்கம் லேசாகித் தூக்கும். பெட்ரோல் டாங்க் முன்னால் இருப்பதால், அது காலியாகக் காலியாக இன்னும் மோசம். எஸ்வி அந்தக் குணத்தை ஓரளவு அடக்கியது.

வெபர்40 பதில்:

தீ விஷயம் கட்டுக்கதை இல்லீங்க. காரணம் தெரிஞ்சா தடுத்துடலாம்.

இதில இருக்கறது நாலு வெபர் 40 ஐடிஎல் கார்புரேட்டர், ஒவ்வொண்ணுக்கும் மூணு தொண்டை, மொத்தம் 12. ரேஸ் காருக்குப் பிறந்த சாதனம். டிராஃபிக்கில நின்னு ஐடில் ஆகறதுக்குச் செய்யப்படலை. கார்புரேட்டருக்குள்ள பெட்ரோல் நிக்கிற ஃப்ளோட் அறையில மட்டம் ஏறினா வழிஞ்சு வெளியே தேங்கும். கீழே சூடான எஞ்சின், பக்கத்திலேயே இக்னிஷன். சிக்னல் விழுந்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிற நேரம் ஒரு பொறி போதும்.

மட்டம் ஏன் ஏறுது? பல நேரம் அழுக்குதான். வருஷக்கணக்கா நிக்கிற காரோட டாங்க் உள்ளே துரு பிடிக்கும். அந்தத் தூள் ஃபில்டரைத் தாண்டி வந்து பெட்ரோல் வரத்தை அடைக்கிற நீடில் வால்வோட இருக்கையில உட்கார்ந்தா வால்வு முழுசா மூடாது. அதனால வெறும் கார்புரேட்டர் கிட் மாத்தறது வீண் வேலை. முதல்ல டாங்கைக் கழட்டிச் சுத்தம் பண்ணணும். அடுத்து முன்னாலிருந்து பின்னால வரைக்கும் போற எல்லா ரப்பர் ஹோஸும் மாறணும், எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கற ரகமா. பழைய ரப்பரை எத்தனால் உள்ளிருந்தே உரிச்சு எடுத்துடும், வெளியே பார்த்தா நல்லாத்தான் இருக்கும். பெட்ரோல் அழுத்தம் 3 பிஎஸ்ஐ பக்கத்தில நிக்கணும். வெபர் நீடில் வால்வுக்கு அதுக்கு மேல பொறுமை கிடையாது. புதுசா சக்தி வாய்ந்த பம்ப் மாட்டினவங்க ரெகுலேட்டர் வெச்சிருக்காங்களான்னு பாருங்க. எஞ்சின் அறையில தானா இயங்குற தீயணைப்பான் இருந்தா அசல்தன்மை கெட்டுப்போச்சுன்னு புலம்ப வேண்டாம். அதை வெச்சவர் காரை மதிக்கிறவர்.

டியூனிங்கிலயும் வரிசை தவறக் கூடாது. 24 வால்வு இடைவெளி, இக்னிஷன் டைமிங், ஃப்ளோட் மட்டம், அதுக்கப்புறம்தான் 12 தொண்டைக்கும் காற்று மீட்டர் வெச்சு சமன் செய்யறது. ஐடில்ல ஒரு சிலிண்டர் மட்டும் விட்டு விட்டு ஓடினா திருகாணியைத் தொடாதீங்க, பெரும்பாலும் ஐடில் ஜெட் அடைச்சிருக்கும். அதைக் கழட்டி ஊதி மாட்டினாலே சரியாயிடும்.

ஏலக்குறிப்பு பதில்:

வெபர்40 சொன்னது வண்டியின் உடல்நலம். விலையைத் தீர்மானிப்பது அதன் அடையாளம்.

பரவலாகச் சொல்லப்படும் கணக்கு: பி400 275, எஸ் 338, எஸ்வி 150. மூலத்துக்கு மூலம் சிறு வேறுபாடு உண்டு. 150-க்குள் ஸ்பிளிட் சம்ப் இருப்பது அதிலும் ஒரு பகுதிதான். இந்த எண்ணிக்கையே மாற்று வேலைக்குத் தூண்டுகோல். அகன்ற ஃபெண்டர், எஸ்வி பின் விளக்குகள் எல்லாம் பழைய கார்களுக்குப் பின்னாளில் பொருத்தப்பட்டிருக்கின்றன. பி400, எஸ் கார்களில் ஹெட்லைட்டைச் சுற்றிக் கறுப்பு 'இமைமுடி' இருக்கும், எஸ்வியில் பொதுவாக இருக்காது. ஆனால் இமைமுடியைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள், அது எளிதாக மாற்றக்கூடியது. பின் சக்கரத்தடியில் படுத்து, கீழ்க் கை பொருந்தும் இடத்தில் சேசிஸ் தகட்டைப் பாருங்கள். பின்னால் வெல்டிங் செய்த தழும்பை பெயின்ட் முழுவதும் மறைக்காது.

மூன்று எண்கள் ஒத்துப்போக வேண்டும்: சேசிஸ் எண், எஞ்சின் எண், தயாரிப்பு வரிசை எண். மியூராவில் சேசிஸ் எண்கள் தொழிற்சாலையின் மற்ற மாடல்களோடு கலந்து ஓடுவதால், கார் எந்த வரிசையில் கட்டப்பட்டது என்பதைத் தயாரிப்பு எண்தான் காட்டும். லம்போர்கினியின் போலோ ஸ்தோரிகோ பிரிவு 2015 முதல் பழைய ஆவணங்களை வைத்துச் சான்றிதழ் தருகிறது. அந்தச் சான்றிதழ் இல்லாத கார் தவறான கார் என்று அர்த்தமில்லை. ஆனால் 'ஸ்பிளிட் சம்ப்' என்று விற்பவர் எழுதினால், தொழிற்சாலையிலேயே பிரித்ததா, பிறகு செய்த மாற்றமா என்று எழுத்தில் கேளுங்கள். பிறகு செய்தது எஞ்சினுக்கு நல்லதுதான், விலை மட்டும் வேறு.

'ஜோட்டா' (மியூராவை ரேஸ் பாணியில் மாற்றிக் கட்டிய சோதனைக் கார்) என்று யாராவது சொன்னால் இரட்டிப்புக் கவனம். 1970-இல் பாப் வாலஸ் கட்டிய அசல் ஜோட்டா 1971-இல் விபத்தில் எரிந்துபோனது. அதன் பிறகு தொழிற்சாலை சில வாடிக்கையாளர்களுக்கு ஜோட்டா பாணியில் எஸ்விஜே கார்களைச் செய்தது. ஈரான் மன்னர் ஷாவிடம் இருந்த, 4934 சேசிஸ் எண் கொண்ட கார் அவற்றில் புகழ்பெற்றது. 1997-இல் ஜெனீவா ஏலத்தில் நடிகர் நிக்கோலஸ் கேஜ் அதை வாங்கினார். அசல்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, பிரதிகள் நிறைய.

கடைசியாகத் துரு. நடுக்கூடு எஃகு, முன் பின் மூடிகள் அலுமினியம். இரண்டு உலோகமும் தொடும் இடங்களில் அரிப்பு சீக்கிரம் வரும். ஆரம்பக் கார்களின் சேசிஸ் தகடு வெறும் 0.9 மி.மீ., பிறகு 1 மி.மீ. ஆக்கினார்கள். எடை குறைக்க அதில் துளைகள் வேறு. துருவை மறைக்கத் துளைகளை மூடித் தகடு ஒட்டியிருந்தால் விலகிவிடுவது நல்லது. கம்பானோலோ மெக்னீசியம் சக்கரங்களை விரிசல் சோதனை செய்யாமல் ஓட்டாதீர்கள்.

பெட்ரோல்வாசம்:

மூவருக்கும் நன்றி. அப்படியென்றால் எஸ் ரகத்துக்குத் தனி மதிப்பு இல்லையா? நடுவில் மாட்டிக்கொண்டது மாதிரி தெரிகிறதே.

நான்குகேம் பதில்:

இல்லை. ஓட்ட நினைப்பவருக்கு நான் எஸ்-ஐத்தான் சொல்வேன். 1968 நவம்பரில் டூரினில் வந்தது. 370 குதிரைத்திறன், மின்சாரத்தில் ஏறி இறங்கும் ஜன்னல் கண்ணாடி, ஜன்னலைச் சுற்றி குரோம். பின்னால் வந்த எஸ் கார்களில் காற்றோட்ட டிஸ்க் பிரேக்கும் உண்டு, வாங்கும்போது அதைக் கேட்டுப் பாருங்கள். ஆரம்ப பி400-இன் முரட்டுக் குணங்கள் பாதி தீர்ந்திருக்கும், எஸ்வியின் விலையும் இருக்காது. தூய வடிவத்துக்காக வாங்குபவருக்குப் புடைப்பில்லாத ஆரம்ப பி400. என் கண்ணுக்கு அதன் பின்பக்கம்தான் காந்தினியின் கோடுகளிலேயே சுத்தமானது.

ஏலக்குறிப்பு பதில்:

வடிவத்தில் உடன்படுகிறேன், முதலீட்டில் இல்லை. எஸ்-இல் மாற்று வேலை நடந்த கார்கள் அதிகம். எஸ் வாங்கினால் மூடிகளின் இடைவெளியை முதலில் பாருங்கள். பின் மூடியைத் திறந்து மூடும்போது கதவோரம் இரண்டு பக்கமும் ஒரே அளவில் உட்கார வேண்டும். ஒரு பக்கம் மட்டும் உரசினால் கீல் தேய்ந்திருக்கலாம், அல்லது சேசிஸ் வளைந்திருக்கலாம். முதலாவது ஒரு நாள் வேலை. இரண்டாவது சந்தேகம் வந்தால் ஜிக்கில் (சேசிஸ் நேராக இருக்கிறதா என்று அளக்கும் சட்டத்தில்) ஏற்றி அளந்து பார்க்காமல் விலை பேச வேண்டாம்.