முழுமையான பொறுப்பு: தனி விதியா, பழைய விதியின் நீட்சியா?

மூன்றாமாண்டு மாணவி:
தீங்கியல் சட்டப் பாடத்தில் (ஒருவர் பிறருக்கு விளைவித்த தீங்குக்கு இழப்பீடு பெறுவது பற்றிய சட்டம்) எங்களுக்குத் தரப்பட்ட கேள்வி இது. ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் வெளியாள் ஒருவர் புகுந்து வால்வைத் திறந்துவிட்டதால் நச்சுவாயு கசிந்து, மதிலுக்கு வெளியே குடியிருந்த ஒருவரும் உள்ளே பணியிலிருந்த ஒருவரும் பாதிக்கப்படுகிறார்கள். நிர்வாகம் பாதுகாப்பு ஏற்பாடுகள் அனைத்தையும் செய்திருந்தது. ரைலாண்ட்ஸ் எதிர் ஃபிளெட்சர் வழக்கின் கடும் பொறுப்பு விதியைக் கொண்டு விடையெழுதுவதா, எம்.சி. மேத்தா வழக்கின் முழுமையான பொறுப்பு விதியைக் கொண்டு எழுதுவதா? இரண்டும் ஒன்றுதான் என்று வகுப்பில் சிலர் வாதிடுகிறார்கள்.

வைகைக்கரை:
இரண்டும் ஒன்றல்ல; உங்கள் கேள்வியே அதற்குச் சான்று. ரைலாண்ட்ஸ் வழக்கை முதலில் பார்ப்போம். இங்கிலாந்தின் லங்காஷயரில் ஒரு ஆலை முதலாளி கட்டுவித்த நீர்த்தேக்கம் 1860-இல் உடைந்து, அடியிலிருந்த கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளின் வழியாக அண்டை நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. குழிகளைச் சரியாக அடைக்காதது ஒப்பந்தக்காரர்களின் தவறே தவிர முதலாளியின் தவறன்று. ஆயினும் தப்பிச் சென்றால் கேடு விளைவிக்கக்கூடிய பொருளைத் தன் நிலத்தில் கொண்டுவந்து சேர்த்தவர் என்பதால் அவரே பொறுப்பு என்று 1868-இல், அப்போது அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை உறுதிசெய்தது. ஆனால் இயற்கைப் பேரிடர், அந்நியர் செயல், வாதியின் சம்மதம், வாதியின் சொந்தத் தவறு, சட்டத்தின் அனுமதி என அந்த விதிக்கு விலக்குகள் பல உண்டு. ஆகவே வால்வைத் திறந்தவர் அந்நியர் என்று நிர்வாகம் நிறுவிவிட்டால் வழக்கு அங்கேயே தளர்ந்துவிடும். போபாலில் 1984-இல் நடந்த விஷவாயுக் கசிவுக்கும் ஊழியர் ஒருவரின் நாசவேலையே காரணம் என்றுதான் அந்த ஆலையின் தாய் நிறுவனமான யூனியன் கார்பைடு சொல்லிவந்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

மறு ஆண்டு டிசம்பர் 4 அன்று டெல்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. அதையொட்டிய எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி பகவதி தலைமையிலான ஐவர் அமர்வு, அபாயகரமான தொழிலை நடத்தி லாபம் ஈட்டும் நிறுவனம் அதனால் விளையும் கேட்டுக்கு எந்த விலக்குமின்றிப் பொறுப்பேற்க வேண்டும் என்று 1986 டிசம்பரில் அறிவித்தது. விலக்குகள் அனைத்தையும் நீக்கிவிட்ட பிறகும் அதைப் பழைய விதியின் நீட்சி என்று எப்படிச் சொல்வது?

பாரிமுனை:
நண்பர் தீர்ப்பின் பிற்பகுதியையும் சொல்லியிருக்க வேண்டும். தனியார் நிறுவனமான ஸ்ரீராம், அரசமைப்பின் 12-ஆம் பிரிவு கூறும் ‘அரசு’ என்பதற்குள் வருமா என்ற கேள்வியை அமர்வு முடிவுசெய்யாமல் விட்டது. அதனால் இழப்பீடும் வழங்கவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்காக உரிய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்குமாறு டெல்லி சட்ட உதவி வாரியத்துக்குக் கட்டளையிட்டதோடு நின்றது. வழக்கின் முடிவுக்குத் தேவைப்படாத கூற்று முன்தீர்ப்பாகக் கட்டுப்படுத்தாது என்பது நாம் முதலாண்டிலேயே படித்தது. 1991-இல் யூனியன் கார்பைடு வழக்கில் தலைமை நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா இதைத்தான் சொன்னார்: மேத்தா வழக்கில் சொல்லப்பட்டது ஒபிட்டர், அதாவது கட்டுப்படுத்தாத போகிறபோக்கிலான கூற்று. அதோடு, 1989-இல் 47 கோடி டாலருக்குச் சமரசம் செய்து முடிக்கப்பட்ட போபாலுக்கு இந்த விதி பயன்படவும் இல்லை. யாருக்காக உருவானதாகச் சொல்கிறோமோ அவர்களுக்கே கிட்டாத ஒன்றை முழு வளர்ச்சி பெற்ற விதி என்று மாணவர்களுக்குக் கற்பிப்பது எனக்கு உடன்பாடில்லை.

வைகைக்கரை:
மிஸ்ரா அவர்களின் அந்தக் கருத்து அவர் தனியாக எழுதிய தீர்ப்புரையில் உள்ளது; பெரும்பான்மை நீதிபதிகள் அது குறித்து எதுவும் சொல்லவில்லை. ராஜஸ்தானின் பிச்ரி கிராமத்தில் ரசாயன ஆலைகள் கொட்டிய கழிவு நிலத்தடியில் இறங்கி, கிணற்று நீர் மனிதர் குடிப்பதற்கும் கால்நடைக்கும் உதவாமல் போனது. அந்த வழக்கில் 1996-இல் நீதிபதி ஜீவன் ரெட்டி இந்த ஆட்சேபத்தை நேருக்கு நேர் எடுத்துக்கொண்டு, மேத்தா விதி ஒபிட்டர் அல்ல, கட்டுப்படுத்தும் சட்டமே என்று தெளிவாக்கினார். போபாலுக்கு நீதி கிட்டவில்லை என்பதில் எனக்கும் ஆற்றாமை உண்டு. ஆனால் சமரசம் விதியைத் தோற்கடிக்கவில்லை. விதியைச் சோதிக்கவே இடங்கொடுக்கவில்லை.

பாரிமுனை:
பிச்ரி தீர்ப்பு இருவர் அமர்வின் தீர்ப்பு என்றாலும் அது இன்று நடைமுறையில் ஏற்கப்பட்டிருப்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் விசாகப்பட்டினத்தில் 2020 மே 7 அன்று ஸ்டைரீன் கசிந்தபோது, நிறுவனத்தை 50 கோடி ரூபாய் செலுத்தச் சொன்ன தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தன் முதல் ஆணையில் ‘கடும் பொறுப்பு’ என்றே குறிப்பிட்டது. தீர்ப்பாயமே இப்படி எழுதுமென்றால், இரு விதிகளுக்கும் இடையிலான எல்லை அவ்வளவு தெளிவானதல்ல என்றே பொருள்.

என் அடிப்படை ஆட்சேபம் தொகை பற்றியது. வாதி இழந்ததை ஈடுசெய்வதே தீங்கியல் சட்டத்தின் நோக்கம். மேத்தா தீர்ப்போ, நிறுவனம் எவ்வளவு பெரியதோ அவ்வளவு அதிகமாக இழப்பீடு இருக்க வேண்டும் என்கிறது. ஒரே அளவு காயத்துக்குச் சிறிய ஆலையிடம் குறைவாகவும் பெரிய ஆலையிடம் அதிகமாகவும் பெறுவது ஈடுசெய்தல் ஆகாது, அது அபராதம். 2004-இல் தீபக் நைட்ரைட் வழக்கில் உச்ச நீதிமன்றமே, நிறுவனத்தின் திறனோடு மட்டுமல்லாமல் விளைந்த தீங்கோடும் தொகைக்குத் தொடர்பு இருக்க வேண்டும் என்று சொல்ல நேர்ந்தது. 2013-இல் தூத்துக்குடி ஸ்டெர்லைட் வழக்கில் விதிக்கப்பட்ட 100 கோடி ரூபாயும் மேத்தா அளவுகோலின்படிதான் கணக்கிடப்பட்டது. ஆனால் அது மாவட்ட ஆட்சியரிடம் செலுத்தப்பட்டு, சுற்றுவட்டாரச் சூழலை மேம்படுத்தச் செலவிடப்பட வேண்டிய தொகை. நுரையீரல் கெட்ட ஒருவர் தன் தீங்கை நிரூபித்துப் பெற்ற தொகை அன்று.

வைகைக்கரை:
தொகை பற்றிய இந்த ஆட்சேபத்துக்கு வலு உண்டு. தீபக் நைட்ரைட் தீர்ப்புக்குப் பிறகு திறன் ஒன்றையே அளவுகோலாகக் கொள்ள முடியாது என்பதை ஏற்கிறேன். ஆனால் அது எவ்வளவு என்ற கேள்வி. மாணவி கேட்பதோ பொறுப்பு உண்டா என்ற கேள்வி. ஆலைக்குள் இருந்தவரைப் பற்றி நாம் இருவருமே இன்னும் பேசவில்லை. 1942-இல் இங்கிலாந்தின் வெடிமருந்து ஆலையொன்றில் குண்டு வெடித்து ஒரு பெண் ஆய்வாளர் காயமுற்றார். ரீட் எதிர் லயன்ஸ் என்ற அந்த வழக்கில், ஆபத்தான பொருள் வளாகத்தை விட்டு வெளியே தப்பிச் செல்லவில்லை என்ற ஒரே காரணத்தால் பிரபுக்கள் சபை 1946-இல் அவரைத் தோற்கச் செய்தது. மேத்தா விதிக்கு இந்த நிபந்தனை கிடையாது. ஆலையில் வேலை செய்பவர்களும் சுற்றி வாழ்பவர்களும் அதில் ஒருசேரப் பாதுகாக்கப்படுகிறார்கள்.

பாரிமுனை:
உள்ளே இருந்தவர் விஷயத்தில் மறுப்பதற்கு என்னிடம் எதுவுமில்லை. அந்த ஓர் இடத்தில் இரு விதிகளும் உண்மையிலேயே பிரிகின்றன. மாணவிக்கு நான் சொல்வது: இருவருக்கும் மேத்தா விதியின்படி பொறுப்பை நிறுவுங்கள். அந்நியர் செயல் என்ற எதிர்வாதம் ஏன் எடுபடாது என்பதற்கு பிச்ரி தீர்ப்பைக் காட்டுங்கள். 1991-இன் ஒபிட்டர் கருத்தை மறைக்காமல் எழுதி, அதற்கு விடையும் சொல்லுங்கள். தொகையைக் குறித்து எழுதும்போது தீபக் நைட்ரைட் தீர்ப்பை விட்டுவிடாதீர்கள்.

மூன்றாமாண்டு மாணவி:
இருவருக்கும் நன்றி. உள்ளே இருந்தவரையும் வெளியே இருந்தவரையும் கேள்வியில் ஏன் தனித்தனியாகக் கொடுத்திருந்தார்கள் என்பது இப்போதுதான் விளங்குகிறது. ரீட் எதிர் லயன்ஸ் தீர்ப்பை முழுமையாகப் படித்துவிட்டு எழுதத் தொடங்குகிறேன்.