அப்பாவின் காசா தபால்தலைகள்: பிரிக்க வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. அப்பா முன்னாள் ராணுவ வீரர், வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பள்ளி நாட்களில் தொடங்கிய தபால்தலை சேகரிப்பை ராணுவத்திலும் அவர் விடவில்லை, 1965-ல் ஐ.நா. படையோடு காசாவில் இருந்தபோது நம் வீரர்களுக்கென்றே நேரு படம் போட்ட 15 பைசா தபால்தலையில் 'யு.என்.இ.எஃப்' (ஐ.நா. அவசரகாலப் படை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று மேலே அச்சடித்து வெளியிட்டார்களே, அதைக்கூட இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருக்கிறார். இப்போது ஈரப்பதத்தில் எல்லாம் ஆல்பம் தாளோடு ஒட்டிக்கொண்டன. முத்திரை விழுந்தவற்றைத் தண்ணீரில் ஊறவைக்கலாம், சரி. புதியவற்றை நனைத்தால் பின்பக்கப் பசை போய்விடுமே? பசை கெடாமல் பிரிக்கத் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அப்புறம், காசாவிலோ காங்கோவிலோ ஐ.நா. படையில் பணியாற்றிய, இதே ஆர்வமுள்ள பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் தெரிவியுங்கள், அவர்களோடு பேச அப்பாவுக்கு ரொம்ப ஆசை.