‘தீர்பொருள்’ போதாதா?

வேதிவினையில் முதலில் தீர்ந்து, விளைபொருளின் அளவை முடிவுசெய்யும் பொருள்தான் ‘லிமிட்டிங் ரீஏஜென்ட்’. அதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘வினைக்கட்டுப்பாட்டுக் காரணி’ என்று இருக்கிறது. நீளத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ‘கட்டுப்பாடு’ என்றதும் மாணவர் மனம் வெப்பநிலைக்கும் வினையூக்கிக்கும் போய்விடும். ‘குறைபொருள்’ என்று ஒரு பரிந்துரையும் உண்டு; சுருக்கமானதுதான். ஆனால் எடை குறைந்த பொருளைத் தேட வைக்கும். அது இன்னும் மோசம்.

இரு நீரேற்றுக் கால்சியம் குளோரைடு 1.47 கிராம், நீரற்ற சோடியம் கார்பனேட் 1.27 கிராம் எடுத்துத் தனித்தனியே நீரில் கரைத்துக் கலக்குங்கள். எடை குறைந்தது கார்பனேட். துகள்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் மோலாக மாற்றினால் கால்சியம் குளோரைடு 0.0100, கார்பனேட் 0.0120. ஒன்றுக்கு ஒன்று வினைபுரிவதால் முதலில் தீர்வது கால்சியம்.

கண்ணாலும் பார்த்துவிடலாம். பத்து நிமிடம் சூடாக்கினால், கலந்ததும் உருவான கால்சியம் கார்பனேட் வீழ்படிவின் துகள் பருக்கும், பிறகு வடிகட்டுங்கள். அவசரப்பட்டால் நுண்துகள் வடிதாளைத் தாண்டிவிடும், அப்புறம் எந்தக் கலங்கலையும் நம்ப முடியாது. தெளிந்த வடிநீரை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் கார்பனேட் கரைசலை விட்டால் மாற்றமில்லை. மற்றதில் கால்சியம் குளோரைடை விட்டால் பால்போல வெளுக்கும். கால்சியம் தீர்ந்தது, கார்பனேட் எஞ்சியது. இந்த இரண்டு வினைச்சொற்களே நமக்குப் பெயரும் தருகின்றன: தீர்பொருள், எஞ்சுபொருள். ‘சர்க்கரை தீர்ந்துபோச்சு’ என்கிற அதே ‘தீர்’தான். கரைதலுக்கு நம்மிடம் ‘கரை’ இருப்பதால் குழப்பமும் வராது.

பிழைக் கணக்கிலும் இந்தச் சொல் கைகொடுக்கும். படிகத்தோடு சேர்ந்திருக்கும் நீரை மறந்து மோல் எடை 111 என்று போட்டால் கால்சியம் குளோரைடு 0.0132 மோலாகிவிடும், தீர்பொருளே கார்பனேட்டுக்கு மாறிவிடும். எதிர்பார்க்கும் வீழ்படிவு 1.00 கிராமுக்குப் பதில் 1.20 ஆகும். உலர்த்தி நிறுத்து 0.96 கிராம் கிடைத்தவருக்கு விளைச்சல் 96 சதவீதம்; அவர் எழுதுவதோ 80. இது தவறு, அளவீட்டுப் பிழை அல்ல. தராசின் ±0.01 கிராம், எடுத்த இரு பொருள்களின் எடையிலும் 1 சதவீதத்துக்கும் குறைவு; மோல்களுக்கிடையே 20 சதவீத இடைவெளி இருக்கையில் அது தீர்பொருளை மாற்றாது. ஈரம் காயாத வடிதாளோடு நிறுத்தால் விளைச்சல் நூறைத் தாண்டும். அது எப்போதும் ஒரே பக்கம் சாய்கிற முறையான பிழை.

கார்பனேட்டை 1.06 கிராமாகக் குறைத்தால் இரண்டும் 0.0100 மோல். அப்போது எது தீர்பொருள் என்று இந்தத் தராசை வைத்துச் சொல்லவே முடியாது.