லெட்ரோசோல் (முட்டை வளர உதவும் மாத்திரை) 5 மி.கி.யிலும் முட்டை வளரவில்லை. 7.5 பார்க்கலாமா?

வயது 29. பி.சி.ஓ.எஸ். (முட்டை சரியாக வளர்ந்து வெளிவராத ஹார்மோன் கோளாறு). குழந்தைக்காக 14 மாதமாக முயற்சி. மருந்துக்கு முன்பு மாதவிடாய் 45 முதல் 60 நாளுக்கு ஒருமுறை.

லெட்ரோசோல் 2.5 மி.கி. இரண்டு சுழற்சி, 5 மி.கி. ஒரு சுழற்சி ஆயிற்று. எல்லாமே 3ஆம் நாள் முதல் 7ஆம் நாள் வரை. கூடவே ஆறு மாதமாக மெட்ஃபார்மின் (இன்சுலின் சரியாக வேலை செய்ய உதவும் மாத்திரை) 500 மி.கி., தினம் இரண்டு. கடைசிச் சுழற்சி ஃபாலிக்கிள் (முட்டை வளரும் பை) ஸ்கேனில் 12ஆம் நாள் 10 மி.மீ., 14ஆம் நாள் 11, 17ஆம் நாளும் அதே 11. பதினெட்டையாவது தொட்டால்தானே வெடிக்கும்!

எல்.எச். (முட்டை வெளிவரத் தூண்டும் ஹார்மோன்) அளவைச் சிறுநீரில் பார்க்கும் ஸ்ட்ரிப்பும் கைகொடுக்கவில்லை. தொடர்ந்து ஒன்பது நாள் இரண்டு கோடும் அடர்த்தியாகவே வந்தன. பி.சி.ஓ.எஸ்.ஸில் எல்.எச். இயல்பிலேயே கூடுதலாக இருக்கலாம் என்பதால், அதை நம்பி நாள் குறிப்பது வீண், ஸ்கேன்தான் கணக்கு.

தைராய்டு, புரோலாக்டின், கணவரின் விந்துப் பரிசோதனை எல்லாம் சரி. எச்.எஸ்.ஜி.யில் (கருக்குழாய் எக்ஸ்ரே) இரு குழாய்களும் திறந்திருக்கின்றன. எடை 78இலிருந்து 73 கிலோ.

மருத்துவர் இரண்டு வழி சொல்கிறார்: லெட்ரோசோல் 7.5 அல்லது நேராக கோனடோட்ரோபின் (முட்டையை வளர்க்கும் ஹார்மோன்) ஊசி. ஊசியில் ஒன்றுக்கு மேற்பட்ட முட்டை வளர்ந்துவிடுமோ என்ற பயம் இருக்கிறது.

5 மி.கி.க்கு அசையாமல், 7.5இல் முட்டை வளர்ந்து வெடித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?