பாகம் பிரித்ததும் கடை போர்டு விளம்பரப் பலகை ஆகிவிட்டது. உதவுங்கள்

நொய்யல்கரை:

வணக்கமுங்க. கொஞ்சம் நீளமான சிக்கல், பொறுமையாகப் படியுங்கள்.

திருப்பூர் மாவட்டத்தில் ஒரு நகராட்சி எல்லைக்குள் மெயின் ரோட்டை ஒட்டி 82 சென்ட் இடம். 2020-ல் அப்பா அதில் காம்ப்ளக்ஸ் கட்டினார். கீழும் மேலுமாக 14 கடை, சுமார் 18,000 சதுர அடி. முறைப்படி அப்ரூவல் வாங்கிய கட்டடம்தான். கட்டடம் கிழக்கே, வண்டி நிறுத்தும் காலியிடம் மேற்கே. காலியிடத்தில் ரோட்டோர மூலையில் ஓர் இரும்புத் தூண், இருபத்தைந்து அடி உயரம். 14 கடையின் பெயரும் அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும்.

அப்பா போன பிறகு போன வருடம் அண்ணனும் நானும் பாகம் பிரித்தோம். கட்டடத்தோடு கிழக்கு 48 சென்ட் அண்ணனுக்கு, மேற்கு 34 சென்ட் எனக்கு. ஊரில் இருக்கும் தோட்டம் என் பங்கில் வந்ததால் இதில் எனக்கு மனக்குறை இல்லை. பத்திரம் பதிந்தாயிற்று, உட்பிரிவு எண் வந்தாயிற்று, பட்டாவும் தனித்தனி.

இப்போது ஒரு டயர் கடைக்காரர் வாடகைக்குக் கேட்கிறார். ஷெட் போட பிளான் கொடுத்தேன், திரும்பி வந்துவிட்டது. ஏற்கெனவே அனுமதித்த வரைபடத்தில் அந்த இடம் வாகன நிறுத்தமாம், மனைப்பிரிவுக்கு ஒப்புதலும் இல்லையாம். அதற்கு அடுத்த வாரமே நகராட்சி நோட்டீஸ்: என் இடத்தில் அனுமதியில்லாத விளம்பரப் பலகை இருக்கிறது, 15 நாளில் பதில் சொல்ல வேண்டும். அதே தூண், அதே குழி, ஓர் அங்குலம்கூட நகரவில்லை. நேற்று வரை கடை போர்டு, இன்றைக்கு எப்படிங்க விளம்பரப் பலகை ஆகும்?

புலப்படம்:

தம்பி, நில அளவையில் முப்பது வருடம் இருந்தவன் சொல்கிறேன். உட்பிரிவு எண்ணைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். சர்வேயர் உட்பிரிவு செய்வது வருவாய்த் துறைக் கணக்கு, யார் பெயரில் எவ்வளவு என்று எழுதிக்கொள்வது. நகர் ஊரமைப்பு விதிகளில் இடத்தைத் துண்டாக்குவது வேறு கணக்கு. அதற்கு அனுமதி தனி. எட்டு மனை வரைக்கும் மனைப்பிரிவு, அதற்கு மேல் போனால்தான் லேஅவுட். உங்களுடையது இரண்டே துண்டு, அதனால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் வாங்கித்தான் ஆக வேண்டும்.

பத்திரத்தில் நடை பாத்தியதை, வண்டி போக வர உரிமை என்று ஏதாவது எழுதியிருக்கிறதா? பாகம் பிரித்த கோடு கட்டடச் சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளிப் போகிறது?

நொய்யல்கரை:

பாத்தியதை எதுவும் எழுதவில்லைங்க. கோடு மேற்குச் சுவரிலிருந்து நாலு அடி. பெரிய மாமா முன்னால் சுண்ணாம்புப் பொடி தூவி அடித்த கோடு, அதையே சர்வேயரும் கல் போட்டார்.

கோபி மச்சான்:

வரன்முறைத் திட்டம் இருக்கிறதே, அதில் பணம் கட்டி முடித்துக்கொள்ளுங்கள் அண்ணா. எதற்கு இவ்வளவு யோசனை?

ஸ்கேல்பென்சில்:

கோபி மச்சான், அது 2017-ல் வந்த விதி. 20.10.2016-க்கு முன்னால் உருவாகி விற்ற அங்கீகாரமில்லாத மனைகளுக்கு மட்டும். போன வருடம் பிரித்த இடத்துக்குச் செல்லாது. இப்படிச் சொல்லி ஆளை அலைய விடாதீர்கள்.

நொய்யல்கரை, நான் பிளான் வரைபவள், இதே மாதிரி சிக்கல் மாதத்துக்கு ஒன்றாவது வருகிறது. உங்கள் அப்பா வாங்கிய அனுமதி கட்டடத்துக்கு மட்டுமில்லை, 82 சென்ட்டுக்கும் சேர்த்து. 82 சென்ட் என்பது சுமார் 3,318 சதுர மீட்டர். 3,000-ஐத் தாண்டியதால் திறந்தவெளி ஒதுக்கீட்டுக்கு (ஓஎஸ்ஆர்) 10 சதவீத நிலமோ அதற்கான வழிகாட்டி மதிப்போ கொடுத்திருப்பார். அந்த ரசீதைத் தேடி எடுங்கள், புதுப் பிளானில் கண்டிப்பாகக் கேட்பார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 48 சென்ட் 20,909 சதுர அடி. அதில் 18,000 சதுர அடிக் கட்டடம் என்றால் எஃப்எஸ்ஐ, அதாவது மனைப் பரப்புக்குக் கட்டடப் பரப்பின் விகிதம், 0.86 வருகிறது. 2019 கட்டட விதியில் 2 வரை இடம் உண்டு, அந்தப் பக்கம் தொல்லையே இல்லை. தொல்லை முழுக்க அந்த நாலடிக் கோட்டில்தான் இருக்கிறது. மேற்கே விட வேண்டிய பக்கவெளி போயிற்று. அண்ணன் கட்டடத்துக்கு வண்டி நிறுத்த இடமும் போயிற்று. ஒழுங்காகக் கட்டிய கட்டடத்தை ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பு விதிமீறல் ஆக்கிவிட்டது. நோட்டீஸ் உங்களுக்கு வந்தாலும் பெரிய ஆபத்து அண்ணனுக்குத்தான், அதை அவரிடம் சொன்னீர்களா?

கட்டடத்துக்குப் பின்னால் இடம் எப்படி?

நொய்யல்கரை:

பின்னால் மூடிப்போட்ட பழைய கிணறு, நாலு தென்னை, மற்றபடி காலி. ஆனால் அங்கே கார் போக வேண்டுமென்றால் மேற்கே என் இடம் வழியாகத்தான் போக முடியும்.

போர்டுக்கடை:

அந்தத் தூண் விஷயத்துக்கு நான் வருகிறேன். தன் கடைக்குத் தன் இடத்தில் வைத்தால் பெயர்ப் பலகை. அடுத்தவர் கடைக்கு என் இடத்தில் வைத்தால் விளம்பரப் பலகை. நீங்கள் பாகம் பிரித்த அன்றே அந்த 14 பேரும் உங்களுக்கு ‘அடுத்தவர்’ ஆகிவிட்டார்கள். தூண் நகரவில்லை, எல்லை நகர்ந்துவிட்டது.

2023-ல் நகர்ப்புற உள்ளாட்சி விதிகள் வந்த பிறகு விளம்பரப் பலகைக்கு உரிமம் எடுப்பது லேசான வேலை இல்லை. கட்டமைப்பு உறுதிச் சான்று, போக்குவரத்துப் போலீஸ் தடையின்மை என்று நீளும். அந்த வருடம் ஜூனில் கோவை மாவட்டம் கருமத்தம்பட்டி பக்கம் விளம்பரப் பலகையின் இரும்புச் சட்டம் சரிந்து மூன்று தொழிலாளர்கள் செத்தார்கள். அதற்கப்புறம் இரும்புத் தூண் என்றாலே அதிகாரிகள் கூர்ந்துதான் பார்க்கிறார்கள். தப்பும் இல்லை, என்னிடம் வேலை செய்யும் பையன்களும் அந்த உயரத்தில்தான் தொங்குகிறார்கள்.

என் யோசனை: தூணைக் கழற்றிவிடுங்கள். பெயர்களை அண்ணன் கட்டடத்தின் முகப்பில் ஒரே பட்டையாக வைக்கலாம். அப்படியே எழுத்தளவையும் சரி பண்ணிவிடுங்கள். தமிழ் முதலில் பெரிதாக, அடுத்து ஆங்கிலம், அப்புறம் வேறு மொழி இருந்தால் அது, 5:3:2 விகிதம். பாதிக் கடையில் தமிழ் மூலையில் எறும்பு மாதிரி இருக்கும், தொழிலாளர் துறை வந்தால் அது தனி அபராதம்.

நோட்டீஸுக்கு மட்டும் 15 நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

ஸ்கேல்பென்சில்:

அவர் சொல்வது சரி. நில விஷயத்தில் என் யோசனை இது. கோட்டுக்கு மேற்கே 16 அடி அகலத்துக்கு ஒரு பொது வண்டித்தடம் விடுங்கள். ரோட்டிலிருந்து இடத்தின் ஆழம் எவ்வளவு? 200 அடி என்றால் 3,200 சதுர அடி, ஏழு சென்ட்டுக்குக் கொஞ்சம் கூட. அதை யாருக்கும் தனியாக எழுதாமல் இருவருக்கும் பிரிபடாத பாகமாக வைத்து, பத்திரத்தைத் திருத்திப் பதியுங்கள். கார் அந்தத் தடத்தில் போய்ப் பின்னால் நிற்கட்டும். பிறகு இரண்டு துண்டுக்கும் பொதுத் தடத்துக்கும் சேர்த்து மனைப்பிரிவு ஒப்புதல், அதோடு காம்ப்ளக்ஸுக்குத் திருத்திய பிளான். உங்கள் ஷெட் பிளான் கடைசியில்தான். வரிசையை மாற்றினால் மறுபடி திரும்பும்.

கிணற்றின் மேல் கார் நிறுத்தமாகக் காட்ட வேண்டாம். நான் ஒருதடவை காட்டிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

புலப்படம்:

தடத்தைப் பத்திரத்தில் எழுதும்போது நான்கு எல்லையும் அடிக்கணக்கும் போடுங்கள். ‘வழக்கப்படி’ என்று எழுதினால் உங்கள் பிள்ளைகள் காலத்தில் வாய்க்கால் சண்டை மாதிரி ஆகிவிடும்.

நொய்யல்கரை:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். ஆழம் 198 அடிங்க, ஸ்கேல்பென்சில் அக்கா கிட்டத்தட்டச் சரியாகச் சொல்லிவிட்டார். அண்ணனிடம் சொன்னதற்கு முதலில் “உன் இடத்துச் சிக்கலுக்கு என்னை எதற்கு இழுக்கிறாய்” என்றார். வாகன நிறுத்தம் இல்லாத காம்ப்ளக்ஸ் அவருடையது என்று பழைய பிளானை விரித்துக் காட்டிய பிறகுதான் உட்கார்ந்து பேசினார். தடத்தில் பாதிக்கு எனக்குப் பணம் தருகிறார். எவ்வளவு என்பது இன்னும் முடிவாகவில்லை, பெரிய மாமாவை இந்தத் தடவை கூப்பிடவில்லை.

தூணை நோட்டீஸ் கெடு முடிவதற்குள்ளேயே வெல்டிங்காரர் வந்து இறக்கிவிட்டார். நகராட்சிக்கும் அந்தக் கெடுவுக்குள் புகைப்படத்தோடு பதில் கொடுத்து முத்திரையும் வாங்கினேன். மேல்மாடித் தையல்கடை அக்கா மட்டும் “ரோட்டிலிருந்து என் பேர் தெரியவில்லை” என்று தினமும் சொல்கிறார், முகப்புப் பட்டையில் அவருக்கு முதல் இடம் என்று பேசியிருக்கிறோம்.

ஓஎஸ்ஆர் ரசீது அப்பாவின் இரும்புப் பெட்டியில் கிடைத்தது. டயர்க்காரர் தை வரைக்கும் பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.