கோட்டை மணிக்கூட்டு வெளிச்சவீடும் சீமெந்துப் பூச்சும்

துறைமுகவாசி:
சத்தாம் வீதிச் சந்தியில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம்தானே கொழும்பின் பழைய வெளிச்சவீடு? விளக்கை ஏன் நிறுத்தினார்கள்? இன்னொன்று, கோட்டைப் பக்கத்துப் பழைய சுண்ணாம்புச் சுவர்களில் பூச்சு உப்பிக் கொட்டினால் உடனே சீமெந்து அடிக்கிறார்கள். அது சரியா?

கோட்டைக்காரன்:
அதேதான். ஆளுநர் ஹென்றி வார்டின் மனைவி எமிலி எலிசபெத் வார்ட் வடிவமைத்தது. 1857இல் வெறும் மணிக்கூட்டுக் கோபுரமாகத்தான் எழுந்தது, உச்சியில் விளக்கு ஏறியது 1867இல். பிறகு சுற்றியிருந்த கட்டடங்கள் உயர்ந்து கடலுக்குப் போகும் ஒளியை மறைத்தன. 1952இல் விளக்கை நிறுத்தினார்கள். அந்த வேலையை இப்போது கடலோரத்துக் காலி பக் வெளிச்சவீடு செய்கிறது. அடியில் நாலு சிங்கங்கள் இருக்குமே, அது.

சுண்ணாம்புக்கலவை:
சீமெந்து வேண்டவே வேண்டாம். பழைய செங்கல் ஈரத்தை உறிஞ்சும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக அது ஆவியாகிவிடும். சீமெந்து அந்த வழியை அடைக்கிறது. ஈரம் உள்ளேயே தங்க, கடலுப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, பூச்சோடு செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துவிடும். பிளாஸ்டிக் பெயின்டும் அப்படித்தான்.

தளர்ந்த பூச்சைக் கையுளியால் மட்டும் எடுங்கள், கிறைண்டர் ஆகாது. உப்புப் பூத்திருந்தால் உலர்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள். கழுவினால் உப்புக் கரைந்து திரும்ப உள்ளே போகும். கலவை, ஊறவைத்த நீற்றுச் சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய ஆற்று மணல் மூன்று பங்கு. கடல் மணல் கூடாது. சுவரை நனைத்து, ஒரு தடவைக்கு 10 மில்லிமீற்றர் அளவில் பூசி, ஈரச் சாக்கால் மூடி வையுங்கள். வேகமாகக் காய்ந்தால் மயிர்க்கோடாக வெடிக்கும். மேலே சுண்ணாம்பு வெள்ளை.

துறைமுகவாசி:
நன்றி. இரும்புக் கைப்பிடி பதிந்த இடத்தில் கல்லே பிளக்கிறதே?

சுண்ணாம்புக்கலவை:
துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு கனஅளவு. கல்லுக்குள் இருக்கும் முனை துருவேறிப் பருத்துத்தான் பிளக்கிறது. வெளியில் மட்டும் பெயின்ட் அடித்துப் பயனில்லை. முனையை வெளியே எடுத்துத் துரு நீக்கித் துத்தநாகப் பிறைமர் பூச வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் துண்டை மட்டும் துருப்பிடிக்காத எஃகால் மாற்ற வேண்டும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், உலர வைத்துத் தேய்க்காதீர்கள்.

கோட்டைக்காரன்:
வேலையை ஜனவரி, பெப்ரவரியில் வைத்துக்கொள்ளுங்கள். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் கடலைப் பார்த்த முகத்தில் உப்புத் தூவானம் ஓயாது. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்றால், தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி கையில் கிடைத்த பிறகே உளியை எடுங்கள்.