மறு: டிப்ரைட்மென்ட்டுக்கு ‘களைவு’ சரிவருமா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

தோலுக்கடியில் வேகமாகப் பரவித் திசுக்களை அழுகவைக்கும் தொற்றான நெக்ரோடைசிங் ஃபாசியைடிஸ் மார்பகத்தில் வந்தால் தமிழில் எப்படிச் சொல்வது, அழுகிய திசுவை வெட்டி அகற்றும் டிப்ரைட்மென்ட்டுக்கு என்ன சொல் என்பதுதானே நம் பேச்சு. நோய்க்கு நேற்று குழும அண்ணன் ஒருவர் சொன்ன ‘விரையழுகல்’ எனக்கு ஒத்துவரவில்லை. அண்ணன் விரைவை எண்ணித்தான் சொன்னார், புரிகிறது. ஆனால் விரை என்றதும் விதைதான் நினைவுக்கு வரும். இதே நோய் விதைப்பையில் வந்தால் அதற்கு ஃபூர்னியே என்ற மருத்துவரை வைத்துத் தனிப் பெயரே இருக்கிறது. மார்பகத்துக்கு அந்தச் சொல்லைப் போட்டால் குழப்பம்தான்.

நெக்ரோடைசிங் ஃபாசியைடிஸுக்கு ‘உறையழுகல்’ போதும். 1952இல் வில்சன் என்ற மருத்துவர் வைத்த அந்த ஆங்கிலப் பெயரும் இடத்தைத்தான் சொல்கிறது, ஃபாசியா என்றால் தசைகளைப் போர்த்தியிருக்கும் உறை. தோலுக்கடியில் உறை வழியாக ஓடும் தொற்று இது. மேலே கொஞ்சம் சிவப்பு, உள்ளே சாண் கணக்கில் அழுகல். பாலூட்டும் பெண்ணென்றால் பால் கட்டியிருக்கிறது என்று ஒத்தடம் கொடுத்தே ஒரு நாள் போய்விடும்.

டிப்ரைட்மென்ட்தான் பெரிய சிக்கல். நான் மொழிபெயர்த்த ஒப்புதல் படிவத்தில் ‘புண் சுத்தம்’ என்றே எழுதியிருந்தேன். சர்க்கரை நோயுள்ள ஓர் அம்மாவுக்குக் கட்டுப் பிரித்தபோது பாதி மார்பு இல்லை. “சுத்தம் பண்றதுக்குன்னுதானே கையெழுத்து வாங்கினீங்க?” என்று மகள் கேட்டாள். அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

உறையில் ரத்தக்குழாய்கள் அடைபடுவதால் மருந்து சரியாகப் போய்ச் சேராது, கத்தியும் வேண்டும். வெட்டிய இடத்தில் விரலை விட்டால் உறை தடையில்லாமல் பிரியும், ரத்தம் கசியாது, கழுநீர் போல நீர் வரும். ரத்தம் கசியும் திசு தென்படும்வரை அரிந்தெடுக்கிறார்கள். ஓரிரு நாளில் மறுபடி திறந்து பார்ப்பார்கள்.

அதனால்தான் ‘களைவு’ என்கிறேன். வயலில் முதல் களை, இரண்டாம் களை எடுப்பதுபோல முதற்களைவு, மறுகளைவு. அரிசி களைவதும் கழுவுவதுதானே என்று அக்கா கேட்டிருந்தார். உண்மைதான், ஆனால் படிவத்தில் ‘அழுகல்’ முன்னே நின்றால் அந்த மயக்கம் வராது. டிப்ரைட்மென்ட்டுக்குப் பிரெஞ்சு மூலத்தில் கடிவாளத்தை அவிழ்ப்பது என்று பொருள். இறுகியதை வெட்டித் தளர்த்துவதற்கு வைத்த பெயர். இன்றைய பொருள் அதைத் தாண்டிவிட்டது, மூலத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

‘திசுக்களைவு’ என்றால் இலங்கை நண்பர்கள் திசுவை இழையம் என்பார்கள். ‘அழுகற்களைவு’ இருவருக்கும் பொருந்துமா? புதுப் படிவத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: “உடனடி அழுகற்களைவு. மறுகளைவு தேவைப்படலாம். மார்பகம் முழுவதையும் எடுக்க நேரலாம்.” வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் சொல்லுங்கள்.